பிணியும் சமூகமும் – அத்தியாயம் 14: சேத்துப்பட்டும் துமகூரும்

சென்ற அத்தியாயத்தில், பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து ராஜாஜி 1955-ஆம் ஆண்டில் எழுப்பிய ஆட்சேபங்களையும், கிண்டி ஆய்வுக்கூடத்தில் தயாரான அந்தத் தடுப்பு மருந்து ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனங்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே தோன்றிய அவநம்பிக்கையையும் விவரித்தோம். அந்த விவாதத்தில் இரு தரப்பாரும் எத்தனையோ பேசினார்கள். ஆனால் க்ஷயரோகம் பீடித்த மனிதன் தன் வியாதியைப்பற்றி என்ன நினைக்கிறான், யாரிடம் போகிறான், போன இடத்தில் அவனுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை இரு தரப்பிலும் எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஒரு சாஸ்திரத்துக்குரிய ஒழுங்கோடு கேட்டு, வந்த விடையை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டு, அதன்மேல் ஒரு தேசத்தின் சிகிச்சைத் திட்டத்தையே எழுப்ப முயன்ற இரு முயற்சிகள் அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் நடந்தேறின. ஒன்று சென்னைச் சேத்துப்பட்டில் நடந்தது. மற்றொன்று பெங்களூரில் திட்டமிடப்பெற்றுத் துமகூர் ஜில்லாவின் கிராமங்களில் நடந்தது. மருத்துவத்தைச் சமூகவியலின் கண்கொண்டு பார்க்கும் துறைக்கு நம் தேசம் அளித்த காணிக்கைகளுள் இவ்விரண்டுக்கும் மேலானவை மிகச் சிலவே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மலையும் காற்றும் ஓய்வும்

இம்முயற்சிகளின் பெருமையை உணரவேண்டுமானால், அவற்றுக்கு முன்பிருந்த நிலைமையைச் சிறிது பின்னோக்கிப் பார்க்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹெர்மன் பிரேமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், சைலீஷிய மலைப்பகுதியில் உள்ள கோர்பர்ஸ்டார்ஃப் என்னும் சிற்றூரில், க்ஷயரோகிகளுக்கென்றே ஒரு விடுதியை ஏற்படுத்தி, தூய காற்று, புஷ்டியான ஆகாரம், அளவறிந்த நடை, இடையறாத மருத்துவ மேற்பார்வை ஆகியவற்றால் நோயைத் தணிக்கலாம் என்று போதித்தார். 1882-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்து வெளியிட்ட பின்னரும், அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிடைக்காமையால், சானடோரியம் என்னும் ஸ்தாபனமே சிகிச்சையின் சிகரமாக உலகெங்கும் மதிக்கப்பட்டுவந்தது. நம் நாட்டிலும் மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் கிறிஸ்தவ மிஷன்கள் கூடி ஒன்றை நிறுவின. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தி, 1917-ஆம் ஆண்டில் கணித மேதை ராமானுஜனுக்குச் சிகிச்சை செய்தவரான டாக்டர் டேவிட் சவுரிமுத்து, தாயகம் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். பத்தாண்டு நிறைவதற்குள் அதைச் சென்னை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. மின்சார ரயிலில் செங்கற்பட்டுப் பக்கம் போகிறவர்கள் தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தில் இன்றும் படிக்கும் பெயர் அந்த ஸ்தாபனத்தின் பெயர்தான்.

சானடோரியத்தின் ஒருநாள் வாழ்க்கை கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. காலையில் உஷ்ணமானியை நாவின்கீழ் வைத்துப் பார்த்துக் கட்டில் தலைமாட்டு அட்டையில் குறிப்பார்கள். பிறகு பால், முட்டை, பிறகு படுக்கை. மத்தியான்னத்தில் பேச்சோ படிப்போ இல்லாத பூரண ஓய்வு. மாலையில் டாக்டர் அநுமதித்த அளவு மட்டும் நடை. இப்படி ஆறு மாதம், ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம். இதனால் தேறினவர்கள் இல்லாமல் இல்லை. ஆயினும் இந்த வாழ்க்கையை மேற்கொள்ளக் கூடியவன் யார் என்று யோசிக்கவேண்டும். உழைக்காத நாளில் உண்ண வழியில்லாத கூலிக்காரனும், கைக்குழந்தையை விட்டு வரமுடியாத தாயும், கடன் கொடுத்தவனுக்குப் பதில் சொல்லவேண்டிய சிறு வியாபாரியும் அந்த மரநிழலுக்கு எப்படி வந்து சேர்வார்கள்?

1951-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் டால்காட் பார்சன்ஸ், சமூக அமைப்பைப்பற்றிய தம் பெருநூலில், நோயாளி என்பவனுக்குச் சமூகம் ஒரு தனி நிலையை வகுத்தளிக்கிறது என்று ஒரு கொள்கையை நிறுவினார். நோயுற்றவன் தன் வழக்கமான கடமைகளிலிருந்து விலக்குப் பெறுகிறான். நோய் வந்ததற்காக அவனைக் குற்றம் சொல்வதில்லை. அதற்குப் பிரதியாக, அவன் குணமடைய விரும்பவேண்டும், தகுந்த வைத்தியரை நாடி அவர் சொற்படி நடக்கவேண்டும் என்பது அதன் சாரம். அக்கொள்கையின் பரிபூரண உருவம் சானடோரியமே என்று சொல்லலாம். ஆனால் கடமைகளிலிருந்து விலக்குப் பெறுவது என்பது, விலக்கு அளிக்க வசதியுள்ள சமூகத்தில்தான் நடக்கும். சென்னையில் ஒரு கைவண்டிக்காரனுக்கு அந்த விலக்கைக் கொடுக்க அவன் குடும்பத்தாலும் ஆகாது, முதலாளியும் இசையமாட்டான். சர்க்காரும் அன்று அதற்கு ஆயத்தமாக இல்லை. விலக்குப் பெற முடியாதவன் வைத்தியர் சொற்படி நடக்கவும் முடியாது; நடக்காதபோது, அறிவில்லாதவன், பிடிவாதக்காரன் என்ற பழி மட்டும் அவன்மேல் விழுந்தது.

தேசத்தின் சுகாதார நிலைமையை ஆராய்ந்து 1946-ஆம் ஆண்டில் வெளிவந்த போர் (Bhore) கமிட்டி அறிக்கையின் மதிப்பீட்டின்படி, அந்நாளைய இந்தியாவில் தீவிர க்ஷயரோகிகள் சுமார் 25 லட்சம் பேர். ஆண்டுதோறும் மாண்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அவர்களுக்கென்று இருந்த படுக்கைகளோ ஏறக்குறைய 6,000. ஒரு படுக்கைக்கு நானூறு நோயாளிகளுக்கு மேல் என்னும்போது, தேசத்தின் வருமானம் முழுவதையும் கட்டடங்களாக மாற்றினாலும் அந்த வழி ஒருபோதும் எல்லாரையும் எட்டாது என்பது விளங்கும். 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எக்ஸ்ரே வண்டிகளைக் கொண்டு நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்போ, மற்றொரு நம்பிக்கையையும் தகர்த்தது. க்ஷயம் நெரிசலான நகரங்களின் நோய், கிராமத்துக் காற்றில் அது அரிது என்று நினைத்திருந்தார்கள். நகரத்துக்கும் கிராமத்துக்கும் பெரிய பேதமில்லை என்றும், சளியில் கிருமி உள்ளவர்கள் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய நால்வர் என்றும் அது காட்டிற்று.

ஸ்பர் டாங்க் ரோடில் ஒரு பரீட்சை

இதற்கிடையில் மருந்து வந்துவிட்டது. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அதையடுத்து ஸ்வீடனிலிருந்து பி.ஏ.எஸ். வந்தது, 1952-இல் ஐசோனியாசிட் என்னும், விலை மலிந்த, வாயால் விழுங்கக்கூடிய மாத்திரை வந்தது. இரண்டு மருந்துகளைச் சேர்த்து நீண்டகாலம் கொடுத்தால் கிருமி எதிர்ப்புச் சக்தி பெறாமல் ஒழியும் என்பதும் தெளிவாயிற்று. அப்படியானால், மருந்தை வீட்டிலேயே கொடுத்தால் என்ன? மேல்நாட்டு நிபுணர்களில் பலர் இதைக் கேட்டுத் தலையை அசைத்தார்கள். ஒரே அறையில் எட்டுப்பேர் படுக்கும் குடிசையில் நோயாளியை வைத்திருந்தால் மற்றவர்களுக்குத் தொற்றாதா, அரைவயிறு உண்கிறவனுக்கு மருந்து வேலை செய்யுமா, எழுதப்படிக்கத் தெரியாதவன் ஒரு வருஷம் நாள் தவறாமல் மாத்திரை விழுங்குவானா என்பன அவர்களுடைய சந்தேகங்கள். இவை நியாயமற்ற சந்தேகங்கள் அல்ல. ஆனால் சோதித்துப் பாராமலே தீர்ப்பாக ஏற்றுக்கொண்டால், இந்தியாவின் நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைக் கைவிடுவதாகவே முடியும்.

இந்தச் சந்தேகங்களைச் சோதிப்பதற்கென்றே 1956-ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டு ஸ்பர் டாங்க் ரோடில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தை நிறுவின. முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகவே அதை எண்ணினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் அதன் முதல் தலைவர். அவரோடு நம் நாட்டு மருத்துவர்களும், கிருமியியலாரும், புள்ளியியலாரும், செவிலியரும் கைகோத்து உழைத்தனர். அந்தப் பேட்டையிலேதான், முப்பத்தாறு ஆண்டுகளுக்குமுன், 1920 ஏப்ரலில், க்ஷயம் என்று அக்கால மருத்துவர்கள் முடிவுகட்டிய நோயோடு போராடி ராமானுஜன் உயிர் நீத்தார் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

பரீட்சையின் அமைப்பு எளிமையும் கண்டிப்பும் நிறைந்தது. புதிதாக நோய் கண்டறியப்பெற்ற, சளியில் கிருமியுள்ள, சென்னை நகரத்து ஏழைகள் 200-க்குச் சற்றுக் குறைவானவர்களைத் தேர்ந்து, எவர் சானடோரியம் போவது, எவர் வீட்டிலிருப்பது என்பதை டாக்டரின் விருப்பத்துக்கோ நோயாளியின் விருப்பத்துக்கோ விடாமல், சீட்டுப் போடுவதற்கு ஒப்பான முறையில் தீர்மானித்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும் ஓராண்டுக் காலம். சானடோரியம் போனவர்களுக்கு மின்விசிறியும் தனிக்கட்டிலும் பாலும் முட்டையும் செவிலியரின் கவனிப்பும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு அவர்களுடைய பழைய வீடும், பழைய சோறும், முடிந்தவர்களுக்குப் பழைய வேலையுமே மிஞ்சின. வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போவார்கள்.

வாங்கிப் போன மருந்தை விழுங்கினார்களா என்று அறிவதற்கு மையம் கைக்கொண்ட முறை நுணுகி நோக்கத் தக்கது. சொல்லாமல் ஒருநாள் செவிலி வீட்டு வாசலில் வந்து நிற்பாள். பெட்டியில் மீந்திருக்கும் மருந்தை எண்ணுவாள். இந்தத் தேதிக்கு இத்தனை மீந்திருக்கவேண்டும் என்ற கணக்கோடு ஒப்பிடுவாள். நோயாளியின் சிறுநீரைச் சிறு குப்பியில் வாங்கிக்கொண்டு போவாள். மையத்தில் அதில் ரசாயனத் துளியிட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்து மருந்து உடம்பில் சேர்ந்ததா என்பதை அறிவார்கள். அதோடு அவள் வேலை முடிந்துவிடாது. பி.ஏ.எஸ். நாளொன்றுக்குப் பெரும் அளவில் விழுங்கவேண்டிய, குமட்டலும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடிய மருந்து. மாமியாருக்குத் தெரியாமல் மருந்து சாப்பிடும் மருமகளும், இருமல் நின்றதும் இனி எதற்கு மருந்து என்று கேட்கும் கணவனும், வேலைக்குப் போகும் நேரமும் மருந்து வாங்கும் நேரமும் மோதுவதால் திகைக்கும் தொழிலாளியும், தங்கள் கஷ்டத்தைச் சொல்லுவதற்கு வந்து நிற்கும் அவளைவிட நெருங்கியவர் யார்? மருந்தின் கணக்கோடு மனிதரின் கணக்கும் அவ்வழியே மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று விடைகள்

1959-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிப் பத்திரிகையில் முடிவுகள் வெளிவந்தன. சானடோரியம் போனவர்கள் உடல் எடையில் கூடுதலாகத் தேறினார்கள். எனினும் ஆண்டு முடிவில் கிருமி ஒழிந்து நோய் அடங்கினவர்களின் விகிதத்தில் இரு பிரிவினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. பின்னால் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் மீண்டும் அதிகமாகத் திரும்பவில்லை. இது முதல் விடை.

இரண்டாவது விடை குடும்பத்தாரைப் பற்றியது. நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குழந்தைகளையும் பெரியவர்களையும் தவறாமல் பரிசோதித்துவந்ததில், நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பத்தில் புதிதாக நோய் கண்டவர்கள், நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பத்தைக் காட்டிலும் அதிகமில்லை. தொற்றியது பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே தொற்றிவிட்டது. சிகிச்சை தொடங்கியபின் நோயாளி அபாயமானவன் அல்ல. ஆகவே, தட்டையும் டம்ளரையும் தனியே வைத்து, பிள்ளையைத் தொடாதே என்று தாயைப் பிரித்துவைத்த கொடுமைக்கு மருத்துவத்தின் பெயரால் இனி ஆதரவு இல்லை. இந்தச் செய்தி அன்று ஊரெங்கும் முரசறைந்து சொல்லப்பட்டிருக்கவேண்டும்; அப்படிச் சொல்லப்படாமையால் எத்தனை விவாகங்கள் முறிந்தன, எத்தனை பெண்கள் பிறந்தகத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

மூன்றாவது விடை ஆகாரத்தைப் பற்றியது. வீட்டிலிருந்தவர்கள் உண்ட உணவு அளவிலும் சத்திலும் சானடோரியத்து உணவைவிட வெகுவாகத் தாழ்ந்தது என்பதை நுணுக்கமாக அளந்து காட்டிவிட்டு, அப்படியிருந்தும் மருந்து அவர்களைக் குணப்படுத்திற்று என்று மையம் 1961-இல் வெளியிட்டது. இது ஏழைகளுக்கு ஒரு விடுதலைச் செய்தி. பாலும் முட்டையும் வாங்க வழியில்லாதவன் பிழைக்கமாட்டான் என்ற தீர்ப்பு ரத்தாகிவிட்டது. ஆனால் இதே விடையைச் சோம்பேறித்தனமாகப் படித்தவர்கள், வறுமைக்கும் க்ஷயத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் பொருள் கொள்ளத் தொடங்கினார்கள். நோய் வந்தவனை மருந்து காப்பாற்றும் என்பது வேறு. நோய் யாருக்கு வருகிறது என்பது வேறு. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாம் கேள்விக்கும் பொருத்திவிட்டதன் பலன் என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

இம்மூன்று விடைகளும் வெளியானபின், மேல்நாடுகளில் ஏற்கெனவே காலியாகத் தொடங்கியிருந்த சானடோரியங்களை மூடுவதற்குச் சென்னையின் சாட்சியம் துணைபுரிந்தது. செல்வந்த தேசங்களுக்கு ஏழை தேசம் ஒன்று, அதுவும் ஏழைகளின் குடிசைகளிலிருந்து, மருத்துவத்தில் வழிகாட்டிய சந்தர்ப்பம் அது.

நாள்தோறும் மருந்து விழுங்கும் பிரச்சினை மட்டும் தீரவில்லை. வீட்டுச் சிகிச்சையில் தவறியவர்களை ஆராய்ந்த வாலஸ் ஃபாக்ஸ், மருந்தைத் தவறவிடுவது படியாதவர்களின் குணம் என்ற அபிப்பிராயத்தை ஏற்கவில்லை. எல்லா நாடுகளிலும் எல்லா வகுப்பினரும், பல மாதங்களுக்கு நாள்தோறும் ஒரு மருந்தை உட்கொள்ளவேண்டியிருந்தால், தவறத்தான் செய்கிறார்கள் என்று எழுதினார். மனிதர்கள் தவறுவார்கள் என்றால், மனிதர்களைத் திருத்துவதற்குமுன் சிகிச்சையைத் திருத்தலாம் அல்லவா? இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே, 1964-இல் மையம் வெளியிட்ட மற்றொரு பரீட்சை: வாரத்துக்கு இருமுறை நோயாளி மையத்துக்கு வந்து, செவிலியின் கண்முன்னே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு ஐசோனியாசிடையும் விழுங்கிப்போனால், நாள்தோறும் வீட்டில் மருந்து உண்பதற்கு அது குறைந்ததல்ல என்பது அதில் நிரூபணமாயிற்று. பின்னாளில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்ற பெயரோடு உலகம் முழுதும் பரவிய முறையின் வேர்களுள் ஒன்று சேத்துப்பட்டில் ஊன்றியது.

துமகூர்க் கிராமங்களில்

சேத்துப்பட்டின் பரீட்சை, தானே வந்த நோயாளிக்கு என்ன செய்யலாம் என்பதைக் காட்டியது. வராத நோயாளியை என்ன செய்வது? இக்கேள்வி, 1959-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற தேசிய காசநோய் நிலையத்தின் முன் வந்து நின்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் அங்கே பணிபுரிந்தவர்களுள் ஹால்ஃப்டன் மாஹ்லரும் ஸ்டிக் ஆண்டர்ஸனும் முக்கியமானவர்கள். அவர்களோடு, மருத்துவப் பட்டம் பெற்றபின் மானிடவியலும் கற்ற தேபபர் பானர்ஜி சேர்ந்தார். காசநோய் ஸ்தாபனம் ஒன்றில், கிருமியியலாருக்கும் எக்ஸ்ரே நிபுணருக்கும் சமமாக, ஜனங்களின் மனப்போக்கை ஆராயும் ஒருவருக்கு ஆசனம் போடப்பட்டது அக்காலத்தில் ஒரு புதுமை.

அன்றைய நிபுணர்களிடையே பரவியிருந்த நம்பிக்கை இது: கிராமவாசிக்கு இருமல் வந்தால் அதை நோயென்று அறியமாட்டான், அறிந்தாலும் தெய்வக்குற்றம், செய்வினை என்று சொல்லிக்கொண்டிருப்பான், தெரிந்தவனும் மறைத்துவைப்பான், ஆகவே எக்ஸ்ரே வண்டிகளை ஊர் ஊராக ஓட்டி, அவனைத் தேடிப் பிடித்து, பிரசாரத்தால் அறிவூட்டினால்தான் உண்டு. பானர்ஜியும் ஆண்டர்ஸனும் இந்த நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். துமகூர் ஜில்லாவின் கிராமங்களில் எக்ஸ்ரே கணக்கெடுப்பின் மூலம் க்ஷயம் இருப்பதாகக் கண்டவர்களின் வீடுகளுக்குச் சமூக ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். உமக்குக் க்ஷயம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. உடம்பு எப்படியிருக்கிறது, இருமல் உண்டா, எத்தனை நாளாக, காய்ச்சல் வருகிறதா, மார்பு வலிக்கிறதா, அதைப்பற்றிக் கவலைப்பட்டீரா, யாரிடமாவது போனீரா, போனபோது என்ன சொன்னார்கள் என்று, அயலார் இருவர் திண்ணையில் உட்கார்ந்து குசலம் விசாரிப்பதைப்போலக் கேட்டார்கள்.

1963-இல் வெளியான விடைகள் நிபுணர்களைத் தலைகுனிய வைத்திருக்கவேண்டும். சளியில் கிருமி இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களுக்கு ஏதோ நோய் இருப்பதை உணர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கினர் அதைக் குறித்துக் கவலை கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் யாரும் தூண்டாமலே, ஆஸ்பத்திரியையோ டிஸ்பென்சரியையோ வேறு நவீன வைத்தியரையோ நாடிப் போயிருந்தார்கள். அதாவது, நோயாளி ஒளிந்திருக்கவில்லை. அவன் வந்து கதவைத் தட்டியிருந்தான். அவனுக்கு நேர்ந்தது என்ன? சளியை யாரும் சோதிக்கவில்லை. அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டியில் இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் புட்டி மருந்து என் மனத்தைவிட்டு அகலுவதில்லை. பல மைல் நடந்துவந்து, ஒருநாள் கூலியை இழந்து, நீண்ட வரிசையில் நின்று, டாக்டரின் முகத்தை அரை நிமிஷம் கண்டு, இனிப்பும் காரமும் கலந்த ஒரு திரவத்தோடு திரும்பிப்போகும் மனிதனிடம் அறியாமை எங்கே இருக்கிறது? அறியாமை இருந்தால் அது மேஜைக்கு அப்பாலிருந்தது. அதையும் ஒரு டாக்டரின் குறை என்று சொல்லிவிட முடியாது. நுண்பெருக்கியும், அதில் சளியைப் பார்க்கப் பழகிய ஒருவரும், மருந்து இருப்பும் இல்லாத டிஸ்பென்சரியில் நூறு நோயாளிகளை ஒரு முற்பகலில் பார்க்கவேண்டிய டாக்டர் வேறு எதைக் கொடுப்பார்? குற்றம் ஏற்பாட்டில் இருந்தது. ஏற்பாட்டின் குற்றத்தை மனிதனின் தலையில் சுமத்துவது, எல்லாக் காலத்திலும் எல்லாத் தேசத்திலும் அதிகாரம் உடையவர்களுக்குச் சௌகரியமாக இருந்துவந்திருக்கிறது. இத்தொடரின் தொடக்கத்தில், 1848-இல் மேல் சைலீஷியாவின் காய்ச்சலை ஆராயப் போன விர்ஷோ, பசியும் கல்வியின்மையும் அந்நியமொழி ஆட்சியுமே அதன் மூலம் என்று கண்டதைச் சொன்னோம். அவர் கண்டதன் வேறொரு முகத்தையே துமகூரில் பானர்ஜியும் ஆண்டர்ஸனும் கண்டார்கள்.

1957-இல் ராபர்ட் ஸ்ட்ராஸ் என்னும் அமெரிக்க அறிஞர், மருத்துவத்துக்கு உதவியாக நின்று அதன் கேள்விகளுக்கு விடை தேடும் சமூகவியல் ஒன்று, மருத்துவத்தையே எட்டநின்று ஆராயும் சமூகவியல் வேறொன்று எனப் பிரித்துக் காட்டி, இரண்டையும் ஒருவரே செய்வது அரிது என்று கருதினார். துமகூர் ஆராய்ச்சியில் அவ்விரண்டும் ஒன்றாயின. ஜனங்கள் ஏன் வருவதில்லை என்று மருத்துவர்கள் கேட்ட கேள்வியை ஏற்றுக்கொண்டு புறப்பட்டவர்கள், ஜனங்கள் வந்தார்கள், நீங்கள் பார்க்கவில்லை என்ற விடையோடு திரும்பினார்கள்.

திட்டமும் அதன் தளர்ச்சியும்

அச்சில் வருமுன்பே கிடைத்திருந்த இவ்விடையின்மேல் எழுந்ததே 1962-ஆம் ஆண்டின் தேசிய காசநோய்த் திட்டம். தனிக் காசநோய் ஆஸ்பத்திரிகளையும் எக்ஸ்ரே வண்டிகளையும் நம்பாமல், ஜனங்கள் ஏற்கெனவே நாடிவரும் சாதாரண ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், நாட்பட்ட இருமலோடு வருகிறவனின் சளியை நுண்பெருக்கியில் பார்த்து, கிருமி இருந்தால் அங்கேயே மருந்து கொடுத்து, ஜில்லாவுக்கு ஒரு மையம் இவற்றை மேற்பார்வை செய்யவேண்டும் என்பது அதன் அடிப்படை. நோயாளியின் காலடிச் சுவட்டைப் பார்த்து அவ்வழியே பாதை போட்ட திட்டம் இது. காகிதத்தில் இதைவிட மனிதத்தன்மையும் சிக்கனமும் ஒருங்கே பொருந்திய ஏற்பாடு அந்நாளில் வேறு எங்கும் இல்லை.

காகிதத்தில் என்று சொல்லவேண்டியிருப்பது துக்ககரமானது. எந்தச் சாதாரண சுகாதார நிலையத்தை நம்பித் திட்டம் வகுத்தார்களோ, அந்த நிலையத்துக்கு ஆளும் பணமும் வந்து சேரவில்லை; வந்த ஆட்களையும் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் விழுங்கிக்கொண்டன; மருந்து இருப்பு அடிக்கடி தீர்ந்துபோயிற்று. 1992-இல் திட்டத்தை மதிப்பிட்டவர்கள், சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப்பேர்கூட அதை முடிப்பதில்லை என்று கண்டார்கள். உடனே பழைய பல்லவி மீண்டும் கேட்டது: நோயாளிகள் பொறுப்பில்லாதவர்கள். 1993-இல் உலக சுகாதார ஸ்தாபனம் க்ஷயத்தை உலகளாவிய அவசர நிலையாகப் பிரகடனம் செய்து, கண்காணிப்புச் சிகிச்சையை எங்கும் பரப்பியபோது, சேத்துப்பட்டின் செவிலி வீட்டு வாசலில் நின்று கேட்ட கஷ்டங்கள் பின்னுக்குப் போய், கண்முன் விழுங்கச் செய்யும் விதி மட்டும் முன்னுக்கு வந்த இடங்கள் பல. முறையை எடுத்துக்கொண்டு அதன் உள்ளத்தை விட்டுவிடும் அபாயம் எல்லாத் திட்டங்களுக்கும் உண்டு.

ஆகாரத்தைப்பற்றி மிச்சம் வைத்த கேள்விக்கும் விடை வர அறுபதாண்டுகள் ஆயின. ஜார்க்கண்டில் 2019 முதல் நடந்த ஓர் ஆராய்ச்சியில், சேத்துப்பட்டு மையத்தின் வாரிசான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்டது. சுமார் 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பத்தாரில் ஒரு சாராருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்துவந்ததில், அவர்களுக்குப் புதிதாகக் க்ஷயம் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டார்கள். நோயாளியை மருந்து காக்கிறது. அவன் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையைச் சோறு காக்கிறது. 1961-இன் விடையும் 2023-இன் விடையும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் உண்மை முழுமை பெறுகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே. சிகிச்சை தோல்வியுறும் இடத்தில் நோயாளியின் குணத்தை விசாரிக்கும் முன்னர், அவன் வந்த தூரத்தையும், நின்ற வரிசையையும், இழந்த கூலியையும், அவனுக்குக் கிடைத்த பதிலையும் விசாரிக்கவேண்டும். இந்த விசாரணை இரக்கத்தால் மட்டும் செய்யத் தக்கதன்று. சேத்துப்பட்டிலும் துமகூரிலும் நடந்ததைப்போல, எண்ணியும் அளந்தும் ஒப்பிட்டும் செய்யும்போதுதான், அதிகாரத்தில் உள்ளவர்கள் தட்டிக்கழிக்க முடியாத சாட்சியமாக அது நிற்கும். இன்று நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்கவேண்டியவர்கள் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும் நம் நாட்டில், இந்த விசாரணைக்கு முன்னைவிட அதிகமான தேவை உண்டு.

பெங்களூரில் இந்த அநுபவத்தைப் பெற்ற மாஹ்லர் 1973-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமை இயக்குநரானார். ஐந்தாண்டுகள் கழித்து, சோவியத் கஜகஸ்தானின் அல்மா-ஆட்டா நகரில், எல்லாருக்கும் ஆரோக்கியம் என்ற பிரகடனம் அவர் காலத்தில் எழுந்தது. அதன் உதயத்தையும், அதற்கு வந்த இடையூறுகளையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)